ஒரு சேலையிலிருந்து ஐந்து நிறங்கள்: நிழற்படத்தில் ஒரு பொருளின் நிறத்தை மாற்றும் முழுமையான வழிகாட்டி

பினாங்கு ஜார்ஜ்டவுனில், மூத்தவர்கள் கடைத்தெரு என்று அழைத்துப் பழகிய லெபோ பாசாரில், தீபாவளிக்கு ஆறு வாரங்கள் இருக்கும்போதே இந்த வேலை தொடங்கிவிடும். ஒரே நெசவில், ஒரே கரையில், ஐந்து நிறங்களில் பட்டுச் சேலைகள் வந்து இறங்கியிருக்கும். ஒரு சேலையைப் பொம்மைக்கு உடுத்தி, கொசுவத்தை மடித்து, முந்தானையை விரித்துப் படம் எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால், அரக்கு நிறச் சேலையை மட்டும் ஒழுங்காகப் படமெடுத்துவிட்டு, மற்ற நான்கு நிறங்களையும் கணினியிலேயே உண்டாக்கித் தரும்படி கடைக்காரர் கேட்பார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அதைச் சரியாகச் செய்வதற்கு, நிறம் என்பது துணியின் மேல் பூசப்பட்ட ஒரு பூச்சு என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். படத்தில் நாம் காண்பது துணியின் சாயமும், அதன் மேல் விழுந்த ஒளியும், அருகிலுள்ள பொருள்களிலிருந்து தெறித்து வந்த ஒளியும் சேர்ந்த கலவை. இவற்றுள் சாயத்தை மட்டும் மாற்றி, ஒளியை அப்படியே விட்டுவைப்பதே நாம் செய்ய வேண்டிய வேலை.

நான் இதைத் தவறு செய்தே கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காக அரக்குச் சேலையைப் பச்சையாக மாற்றிக் கொடுத்தேன். பச்சைச் சேலையைக் கையில் வாங்கிப் பார்க்காமல், கடைக்காரர் வாயால் சொன்ன "நல்ல பச்சை" என்ற சொல்லை நம்பிச் செய்த வேலை அது. படத்தைப் பார்த்து வாங்கிய ஓர் அம்மா மறுநாள் சேலையைத் திருப்பிக் கொண்டுவந்து, கைப்பேசியையும் சேலையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "தம்பி, படத்துல இருக்கறது கிளிப்பச்சை, இது பாட்டில் பச்சை. நீங்களே பாருங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அன்றிலிருந்து, மாற்ற வேண்டிய நிறத்தில் உண்மையான துணி என் மேசையில் இல்லாமல் நான் எந்தப் படத்தையும் தொடுவதில்லை. இந்த வழிகாட்டியைப் பின்பற்றுபவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்கு விளக்கும் படிகள் கிம்ப் என்னும் இலவச மென்பொருளுக்கு உரியவை. மாதச் சந்தா கட்ட இயலாத சிறு கடைக்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் அது போதுமானது. ஃபோட்டோஷாப் பயன்படுத்துவோர்க்கும் வழிமுறை இதுவே. வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

படம் எடுக்கும்போதே செய்ய வேண்டியவை

நிறமாற்றத்தில் பாதி வெற்றி, கணினியைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கடைக்குள் டியூப் லைட்டின் ஒளியும், வாசல் வழியாக வரும் பகல் ஒளியும் கலந்திருந்தால், சேலையின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் பதிவாகும். அப்படிப்பட்ட படத்தில் ஒரே அளவு மாற்றம் இரு பக்கங்களிலும் இரு வேறு நிறங்களைத் தரும். ஆகவே ஒரே வகை ஒளியில் படமெடுங்கள். கடைகளின் முன்னே கூரையிட்டிருக்கும் ஐந்தடி நடைபாதையில், நேர்வெயில் படாத இடத்தில், காலை பத்து மணிக்கு மேல் கிடைக்கும் மென்மையான ஒளி இதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் தலைக்கு மேல் நீல நிறத் தார்ப்பாய் கட்டியிருக்கிறதா, எதிர்க்கடையில் சிவப்புத் துணி வரிசையாகத் தொங்குகிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அவற்றின் நிறம் கண்ணுக்குத் தெரியாமல் பட்டின் மேல் வந்து விழும்.

முதல் படத்தில் மட்டும், சேலையின் அருகே ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து எடுங்கள். பின்னர் கிம்ப்பில் கலர்ஸ் பட்டியலிலுள்ள லெவல்ஸ் கருவியைத் திறந்து, சாம்பல் புள்ளியை எடுக்கும் துளிக்குழாயால் அந்த அட்டையைத் தொட்டால் படத்தின் மொத்த நிறச்சாய்வும் சரியாகிவிடும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் நிறத்தை மாற்றத் தொடங்குவது, சாயாத அடித்தளம் என்று நம்பிச் சாய்ந்த தரையில் சுவர் எழுப்புவதைப் போன்றது.

கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாகப் படத்தைச் சேமிக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பெரும்பாலான ஜேபெக் கோப்புகளில், வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் (படப்புள்ளிக்கும்) தனித்தனியாகச் சேமிக்கப்பட்டாலும், நிறம் நான்கு பிக்சல்களுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. மனிதக் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு கூர்மையாகவும் நிற வேறுபாடு மங்கலாகவும் தெரிவதால், சாதாரணமாகப் பார்க்கும்போது இந்தச் சிக்கனம் தெரியாது. ஆனால் அரக்கைப் பச்சையாக மாற்றும் வேளையில், சேலையின் ஓரத்தில் பழைய அரக்கு மெல்லிய கோடாக எஞ்சி நிற்பதற்கு இதுவே காரணம். பலர் தங்கள் கை சரியில்லை என்று நினைத்து அந்தக் கோட்டோடு மணிக்கணக்கில் போராடுகிறார்கள். குறை கோப்பில் இருக்கிறது.

மூலப் படத்தைத் தொடாமல் தொடங்குதல்

படத்தைத் திறந்ததும் லேயரை, அதாவது படம் இருக்கும் அடுக்கை, ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள மூல லேயரில் இறுதிவரை எந்த மாற்றமும் செய்யக்கூடாது. பிரதி லேயரின் மேல் வலச்சொடுக்கிட்டு ஒரு லேயர் மாஸ்க்கைச் சேருங்கள். மாஸ்க்கில் வெள்ளையாக உள்ள இடங்களில் மேல் லேயர் தெரியும், கறுப்பாக உள்ள இடங்களில் மறையும், சாம்பல் நிற இடங்களில் பாதியளவு தெரியும். இந்த மூன்றாவது விதிதான் பின்னர் சரிகையைக் கையாளும்போது நம்மைக் காப்பாற்றப் போகிறது. ஃபோட்டோஷாப்பில் இதற்குப் பதிலாக ஹியூ-சாச்சுரேஷன் (சாயல்-செறிவு) அட்ஜஸ்ட்மென்ட் லேயரைச் சேர்த்தால் மாஸ்க் தானாகவே உடன் வரும். அளவுகளைப் பின்னர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கிம்ப்பில் வேலைக் கோப்பை எக்ஸ்சிஎஃப் வடிவிலும், ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி வடிவிலும் சேமியுங்கள்.

பொருளைப் பிரித்தெடுத்தல்

நேரம் அதிகம் செல்வது இந்தப் படியில்தான், அது நியாயமும்கூட. பொருளுக்கும் பின்னணிக்கும் நிறம் தெளிவாக வேறுபட்டால் ஒத்த நிறமுள்ள பகுதியைப் பிடித்துத் தெரிவு செய்யும் ஃபஸ்ஸி செலெக்ட் கருவி விரைவாக உதவும். எவ்வளவு நிற வேறுபாட்டை ஏற்கும் என்பதைக் குறிக்கும் அதன் த்ரெஷோல்டு அளவு தொடக்கத்தில் 15 ஆக இருக்கும். சொடுக்கிய விரலை எடுக்காமல் சுட்டியை இழுத்தால் அந்த அளவு கூடிக்கொண்டே போவதையும், தெரிவு பரவுவதையும் கண்ணால் பார்த்து நிறுத்தலாம். ஆனால் பட்டுச் சேலைக்கு அந்தக் கருவியை மட்டும் நம்ப முடியாது. கொசுவத்தின் மடிப்புக்குள் அரக்கு கிட்டத்தட்டக் கறுப்பாகவும், தோள்மேட்டில் ஏறத்தாழ இளஞ்சிவப்பாகவும் பதிவாகியிருக்கும். மேலும், சேலையைப் பொம்மைக்குப் பதிலாக ஒரு பெண் உடுத்தியிருந்தால், மனிதத் தோலின் நிறமும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட வட்டாரத்திலேயே இருப்பதால், சிவப்புச் சேலையைத் தேடும் கருவி இடுப்பையும் கையையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும்.

ஆகவே வெளிவரம்பைப் பாத்ஸ் கருவியால் கையால் வரையுங்கள். துணி மடியும் இடங்களில் புள்ளிகளை நெருக்கமாகவும், நீண்ட விளிம்புகளில் தொலைவாகவும் வையுங்கள். கோட்டைத் துணியின் விளிம்பிலிருந்து ஒரு பிக்சல் உட்புறமாகவே ஓட்டுவது என் வழக்கம். வரைந்து முடித்த பாதையைத் தெரிவாக மாற்றி, விளிம்பை மென்மையாக்கும் ஃபெதர் அளவை 1 அல்லது 2 பிக்சல் என்று கொடுத்து, தெரிவுக்கு வெளியே உள்ள பகுதியை மாஸ்க்கில் கறுப்பாக்குங்கள். பத்துப் பன்னிரண்டு பிக்சல் கொடுத்தால் சேலையைச் சுற்றி ஒளிவட்டம் போல நிறம் கசியும். முந்தானைக் குஞ்சத்துக்குப் பாதை வரைவது வீண் உழைப்பு. அங்கே மெல்லிய தூரிகையை எடுத்து, மாஸ்க்கின் மேல் நேரடியாக, ஒவ்வொரு நூலாக வெள்ளை தீட்டுங்கள்.

மாஸ்க் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, லேயர் பட்டியலில் அதன் சிறுபடத்தை ஆல்ட் விசையை அழுத்தியபடி சொடுக்குங்கள். மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் திரை முழுவதும் தெரியும். நடுவில் விட்டுப்போன கறும்புள்ளிகள் அப்போதுதான் கண்ணில் படும்.

சாயலைச் சுழற்றுதல்

மென்பொருளில் நிறங்கள் 360 பாகை கொண்ட ஒரு வட்டத்தில் அமைந்துள்ளன. சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240 என்று வரிசை செல்லும். துளிக்குழாயால் சேலையின் நடுத்தர வெளிச்சமுள்ள ஓரிடத்தைத் தொட்டு அதன் ஹியூ (சாயல்) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரக்குச் சேலை 345 பாகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கு நிறத்திலுள்ள உண்மையான துணியை அதே ஒளியில், அதே அட்டையோடு, மடிக்காமல் ஒரு படம் எடுத்து, அதன் எண்ணையும் பாருங்கள். பாட்டில் பச்சை 150 என்று வந்தால், 345 இலிருந்து 165 பாகை முன்னே சென்று, 360 ஐத் தாண்டி, 150 ஐ அடைய வேண்டும். கலர்ஸ் பட்டியலில் ஹியூ-சாச்சுரேஷனைத் திறந்து, ஹியூ அளவில் 165 என்று தட்டுங்கள். கண்மதிப்பில் இழுத்து இழுத்துத் தேடுவதைவிட இந்தச் சிறு கூட்டல் கணக்கு பல மடங்கு நம்பகமானது.

சாயல் சரியாக அமைந்த பின்னும் நிறம் மாறுபட்டே தோன்றும். அதற்குக் காரணம் செறிவும் (சாச்சுரேஷன்) ஒளிர்வும் (லைட்னஸ்). மேலே சொன்ன கதையில் என் பச்சை கிளிப்பச்சையாகப் போனதற்குச் சாயலில் செய்த பிழை சிறியது. அரக்கின் செறிவை அப்படியே பச்சைக்குக் கொடுத்துவிட்டதே பெரிய பிழை. பாட்டில் பச்சை என்பது செறிவு தணிந்த, ஆழ்ந்த நிறம். ஆகவே செறிவை முதலில் குறையுங்கள். பிறகு வெளிச்சத்தை வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் கருவியால், அதே மாஸ்க்குக்குள், நடுப்பகுதியைச் சற்றே கீழே இறக்குங்கள்.

மஞ்சள் ஏன் அடம்பிடிக்கிறது

எல்லா நிறங்களும் கண்ணுக்கு ஒரே அளவு வெளிச்சமாகத் தோன்றுவதில்லை. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் கணக்கு, சிவப்புக்கு 0.30, பச்சைக்கு 0.59, நீலத்துக்கு 0.11 என்று எடை போடுகிறது. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது என்பதால் அதன் வெளிச்சம் 0.89; நீலத்தின் வெளிச்சம் அதில் எட்டில் ஒரு பங்கு. நீலச் சேலையின் வெளிச்சத்தை மாற்றாமல் மஞ்சளாக்க முயன்றால் மாம்பழ மஞ்சள் கிடைக்காது, சேறு படிந்த கடுகு நிறமே கிடைக்கும்.

இதனால்தான் ஐந்து நிறங்களுள் எதைப் படமெடுப்பது என்பதில் கடைக்காரரோடு நான் எப்போதும் வாதாடுகிறேன். வெளிர் நிறத்தைக் கருமையாக்குவது எளிது. கருநிறத்தை வெளிராக்கும்போது, நிழல்களில் ஒளிந்திருந்த புள்ளி இரைச்சலும் வரிவரியான படிக்கட்டு வேறுபாடுகளும் மேலே வந்துவிடும். ஜேபெக் கோப்பில் ஒவ்வோர் அடிப்படை நிறத்துக்கும் 256 நிலைகளே உண்டு. கருமையான சேலை அவற்றுள் கீழ்ப்பகுதிச் சில நிலைகளை மட்டுமே பயன்படுத்தியிருக்கும், அவற்றை இழுத்து விரித்தால் இடைவெளிகள் தெரியத்தான் செய்யும். ஆகவே நடுத்தர வெளிச்சமுள்ள சேலையைப் படமெடுங்கள். மாம்பழ மஞ்சளும் கருநீலமும் ஒரே வரிசையில் இருந்தால், அந்த இரண்டையும் தனித்தனியே படமெடுத்துவிட வேண்டும் என்பதே என் முடிவு. முக்கால் மணி நேரம் மிச்சம் பிடிக்கப் போய் மூன்று மணி நேரம் கணினியில் செலவழிப்பதில் பொருள் இல்லை.

சரிகையும் மயில்கழுத்தும்

பொன் சரிகையின் சாயல் ஏறத்தாழ 45 பாகை. மேலே செய்த 165 பாகைச் சுழற்சி அதன் மேலும் விழுந்தால் சரிகை 210 பாகைக்குப் போய் நீலமாகிவிடும். ஆகவே சரிகையை மாஸ்க்கில் மறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முழுக் கறுப்பால் மறைப்பவர்களின் படத்தில் கரை மட்டும் வேறொரு சேலையிலிருந்து வெட்டி ஒட்டியது போலத் தோன்றும். கரையை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சரிகை இழைகளுக்கு இடையே உடல் பட்டின் நூல் எட்டிப் பார்க்கும்; பொன்னின் மேல் அரக்கின் மெல்லிய பிரதிபலிப்பும் இருக்கும். பச்சைச் சேலையில் அந்த இடங்களில் பச்சைதான் தெரிய வேண்டும். அதனால் மலர்க்கொடிகள் நெருக்கமாக நெய்யப்பட்ட இடங்களில் மாஸ்க்கைக் கறுப்பாக விடாமல், ஏறத்தாழ முப்பது விழுக்காடு வெளிப்படும் அடர் சாம்பலாக வையுங்கள். பொன் அடர்ந்த பட்டைகளுக்கு மட்டும் முழுக் கறுப்பு. கரை துணியோடு சேர்ந்து நிற்பதை உடனே காண்பீர்கள்.

பட்டின் மினுக்கமும் கவனத்துக்குரியது. மடிப்பின் உச்சியில் ஒளி நேராகத் தெறிக்கும் இடம், துணியின் நிறத்தை விட ஒளியின் நிறத்தையே அதிகம் காட்டும். அந்த இடம் வெண்மையாகவே நிற்கட்டும். அதைப் பச்சையாக்கினால் பட்டு, பிளாஸ்டிக் ஆகிவிடும்.

இவற்றையெல்லாம் விட நுட்பமானது மயில்கழுத்து நிறச் சேலை. நீளவாக்கில் செல்லும் பாவில் ஒரு நிறமும், குறுக்கே செல்லும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடுவதால், துணி அசையும்போது நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். இங்கே எந்த முறையில் நிறத்தை மாற்றுகிறோம் என்பது மிகவும் முக்கியம். புது லேயரில் ஒரே நிறத்தைத் தீட்டி, அது கீழ் லேயரோடு கலக்கும் விதமான மோடை எல்சிஹெச் கலர் (ஃபோட்டோஷாப்பில் கலர்) என்று வைக்கும் முறை, சாதாரணப் பருத்தித் துணிக்கு நன்றாகவே பொருந்தும். வெளிச்சத்தை மாற்றாமல் நிறத்தை மட்டும் கொடுக்கும். ஆனால் மயில்கழுத்தின் இரண்டு சாயல்களையும் அது ஒன்றாக்கிக் கொன்றுவிடும். ஹியூ சுழற்சியோ இரண்டு சாயல்களுக்கும் இடையிலுள்ள தொலைவைக் காப்பாற்றும். நீலம் 220, பச்சை 150 என்றால் இடைவெளி 70 பாகை. 140 பாகை சுழற்றினால் அவை முறையே சிவப்பாகவும் ஊதாவாகவும் மாறும், இடைவெளி 70 ஆகவே நிற்கும், துணியின் உயிர் அதோடு நிற்கும். இலக்குச் சேலையில் இடைவெளி வேறாக இருந்தால், ஹியூ-சாச்சுரேஷன் பலகையில் உள்ள ஆறு நிறப் பொத்தான்களுள் நீலத்தையும் பச்சையையும் தனித்தனியே தேர்ந்து சுழற்றுங்கள். இரண்டுக்கும் நடுவே முறிவு தெரியாமலிருக்க ஓவர்லேப் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளையும் கறுப்பும்

வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர் போன்றவற்றில் சுழற்றுவதற்குச் சாயலே இல்லை. புது லேயரில் வேண்டிய நிறத்தை நிரப்பி, மோடை மல்டிப்ளை என்று மாற்றி, மாஸ்க்கால் பொருளுக்குள் அடக்குங்கள். நிழல்கள் நிழல்களாகவே இருக்கும். பழைய கடைவீட்டுச் சுவரை வண்ணம் பூசுவதற்கு முன் படத்தில் பார்த்துவிட விரும்புவோர்க்கும் இதுவே முறை. லெய்த் தெருவிலுள்ள சியோங் ஃபாட் ஸி மாளிகையின் அவுரி நீலம் போன்ற நிறத்தைத் தேர்ந்தால், சாளரக் கதவுகளை மாஸ்க்கிலிருந்து நீக்க மறவாதீர்கள். கறுப்புப் பொருளுக்கு மல்டிப்ளை உதவாது. முதலில் கர்வ்ஸால் அதை நடுத்தரச் சாம்பலுக்கு உயர்த்தி, பிறகு கலரைஸ் கருவியால் நிறம் கொடுக்க வேண்டும். விளைவு பெரும்பாலும் சுமாராகவே இருக்கும்.

அண்டைப் பொருள்களில் தெறித்த நிறம்

பளபளப்பான தரையில் அரக்கின் சாயை விழுந்திருக்கும். உடுத்தியவரின் தாடைக்குக் கீழும், உள்ளங்கையிலும், வெள்ளி வளையலிலும் மெல்லிய சிவப்புப் படிந்திருக்கும். சேலை பச்சையாகிவிட்ட பின் தரையில் மட்டும் சிவப்பு நின்றால், பார்ப்பவர் காரணம் அறியாமலே அந்தப் படத்தை நம்ப மறுப்பார். தரைப் பிரதிபலிப்புக்கு அதே ஹியூ மாற்றத்தை மாஸ்க்கில் மென்மையான தூரிகையால் நீட்டுங்கள். தோலில் அப்படிச் செய்யக்கூடாது. தாடையின் கீழுள்ள சிவப்பின் செறிவைச் சிறிது தணித்தாலே போதும். பச்சையை அங்கே தீட்டினால் முகம் நோயுற்றது போலாகிவிடும்.

சரிபார்த்தலும் அனுப்புதலும்

சரிபார்க்கும் முன், கணினியில் நைட் லைட் வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் அது திரையை மஞ்சளாக்குவதால் ஒரு நாள் உழைப்பு முழுவதும் தவறாகிவிட்டதை நான் கண்டிருக்கிறேன். படத்தை 100 விழுக்காட்டில் வைத்து விளிம்பு முழுவதையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். மேல் லேயரை அணைத்தும் ஏற்றியும் பாருங்கள். மடிப்புகளின் ஆழம் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். ஓரத்தில் பழைய அரக்குக் கோடு தெரிந்தால், மாஸ்க்கை அங்கே ஒரு பிக்சல் வெளியே விரியுங்கள். பிறகு படத்தைக் கைப்பேசிக்கு மாற்றி, உண்மையான சேலையை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குச் சென்று, பகல் ஒளியில் இரண்டையும் அருகருகே பிடித்துப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் திரும்பி வந்து திருத்துங்கள். நான் சாதாரணமாக மூன்று முறை வாசலுக்குப் போய் வருவேன்.

ஏற்றுமதி செய்யும்போது நிற வெளியை, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி என்று வையுங்கள். ஜேபெக் தரத்தை 90க்குக் குறைக்காதீர்கள். மேம்பட்ட விருப்பங்களில் சப்சாம்ப்ளிங் என்னும் இடத்தில் 4:4:4 என்பதைத் தேர்ந்தால், நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்ற சிக்கனம் நீங்கி, நீங்கள் பாடுபட்டுச் செதுக்கிய விளிம்பு கூர்மையாகவே இருக்கும். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லையேல் அது மறுபடியும் சுருக்கிவிடும். கோப்பின் பெயரில் சேலையின் எண்ணையும், ஹியூ, செறிவு, ஒளிர்வு ஆகிய மூன்று அளவுகளையும் எழுதி வையுங்கள். அதே நெசவு பொங்கலுக்கு மீண்டும் வந்திறங்கும்போது, மாஸ்க்கை மட்டும் புதிதாகச் செய்தால் போதும்.